ஸ்டியரிங் இல்லாத வேலை

டிராம் ஓட்டுகிறவளுக்கு ஸ்டியரிங் கிடையாது.
பலருக்கு இது தெரியாது.
பிர்னோ நகரில் பத்தொன்பது வருஷமாய்
நான் எங்கும் திரும்பியதில்லை.
தண்டவாளம் திரும்பும், கூடப் போவேன்.
கைக்கு ஒரு நெம்புகோல், காலுக்கு ஒரு மணி.

"அதனால்தான் ஸ்தென்கா, இந்த வயதில் உனக்கு இப்படி"
என்கிறார் கீழ்வீட்டு ஓண்ட்ரூஷ்கா.
ராத்திரி நான் பிரேக் மிதிக்கும்போதெல்லாம்
அவர் சமையலறை விளக்கு ஆடுகிறதாம்.

சாப்பாட்டு மேசையில் ஸ்டியரிங்கைத் திருகி இறுக்கியிருக்கிறேன்.
பெடல் பின்னால் நழுவாதிருக்க
அதற்கும் சுவருக்கும் நடுவே
ஓர் உருளைக்கிழங்கு மூட்டை.
மூட்டை காலியாகக் காலியாக
என் பிரேக் தள்ளித் தள்ளிப் பிடிக்கிறது.

முதலில் வாங்கியது வேறொரு விளையாட்டு.
சுவரில் மோதினால் பொறி பறக்கும்,
கூட்டம் கைதட்டும்,
தூசி தட்டி நடுச்சாலையில் மறுபடி நிறுத்திவிடுவார்கள்.
இரண்டே நாள்.
சோறில்லாமல் பாயசம் மட்டும் பரிமாறியதுபோல் திகட்டிவிட்டது.

இதில் டயர் குளிர்ந்திருக்கும்.
முதல் இரண்டு சுற்றும் அதட்டினால் முறைத்துக்கொள்ளும்.
டேங்க் நிறைய பெட்ரோலோடு
விருந்துண்டவனைப்போல் கார் அசைந்து அசைந்து திரும்பும்.
பன்னிரண்டாம் சுற்றில் உடம்பு இளைத்து
நான் நினைக்குமுன் பாய்ந்துவிடும்.
அதற்குள் டயர் தேய்ந்திருக்கும்.
எதுவும் ஒரே நேரத்தில் நன்றாக இருக்காது.

எல்லாம் ஒரு கணத்துக்காகத்தான்.
வளைவின் நடுவே ஸ்டியரிங் சட்டென்று லேசாகும்,
கையில் தூக்கிவந்த வாளித் தண்ணீரை
யாரோ கொட்டிவிட்டாற்போல.
முன்டயர் சாலையைக் கைவிட்டது என்று அர்த்தம்.
கண்ணுக்கு முன்னால் உள்ளங்கைக்குத் தெரியும்.
திருப்பாதே. கொஞ்சம் தளர்த்து. காத்திரு.
கனம் திரும்பி வரும்.
கோபித்துக்கொண்டு போனவர்
வாசலில் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் அது.

எனக்கு முன்னால் கண்ணாடியாலானதுபோல் ஒரு கார் ஓடும்.
நேற்றைய நான்.
மூன்றாம் வளைவில் அவள் என்னைவிடத் துணிச்சல்காரி.
எட்டாவதில் பயந்தாங்கொள்ளி.
ஏனென்று எனக்கு மட்டும் தெரியும்:
நேற்று மாலை ஒரு பையன்
காதில் பாட்டோடு தண்டவாளத்தைக் கடந்தான்.
மணியடித்தேன். நின்றேன்.
ஒரு முழம் பாக்கி.

பகலில் எனக்குத் தப்பு செய்ய அனுமதியில்லை.
இங்கே உண்டு.
சுழன்று சரளையில் புதைவேன்,
இருபத்திரண்டு பேரில் பத்தொன்பதாவதாய் வருவேன்,
உருளைக்கிழங்கு கட்டிலடியில் ஓடும்.
யாரும் சாகமாட்டார்கள்.
ஆனால் தப்பு தப்பாகவே இருக்கும்,
யாரும் துடைத்துவிட மாட்டார்கள்.
இந்த இரண்டும் சேர்ந்து
வேறெங்கே கிடைக்கிறது, சொல்லுங்கள்.

ஊருக்கு வெளியே காட்டுக்குள் நிஜமான ஓடுதளம் இருக்கிறது.
அக்டோபரில் ஒருநாள் பஸ் பிடித்துப் போனேன்.
பந்தயம் இல்லை, ஈரம், ஊசியிலை வாசம்.
ஒரு வளைவுக்கு முன்னால் மேடு உண்டு,
கார் அங்கே ஒருமுறை தும்மும்.
வேலியோரம் நின்று தேடினேன்.
தட்டையான தார்.

காவலுக்கிருந்த இளைஞன் வந்தான்.
"எதைத் தொலைத்தீர்கள்?"
"ஒரு மேட்டை."
அவன் சிரிக்கவில்லை.
"நின்றால் தெரியாது. குனிந்து பாருங்கள்."
குந்தினேன், கன்னம் கம்பியில் பட.
இருந்தது.
ஒரு விரல் உயரம்.
என் மேசைக்கு அது எப்போதோ தெரியும்.

காலை ஐந்து மணி, முதல் டிராம்.
மெண்டல் சதுக்கத்து வளைவில்
இடதுகை தானாக ஓர் அங்குலம் நகர்கிறது.
பிடிக்க அங்கே ஒன்றுமில்லை.
பின்னால் நான்கு பேர், அரைத்தூக்கம்.

திரும்பும்போது
உருளைக்கிழங்கு வாங்க வேண்டும்.
பத்து கிலோ.